தக்காளிக்கு மேலே எரிந்த வானம்

துருவ ஒளியைப் பார்த்ததாக நான் எழுதியது பொய்யல்ல, பிழை. இரண்டும் வேறு வேறு என்று முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மனைவி சாந்தி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் கோபன்ஹேகனில் இரண்டு வருடமாகக் கிடந்தது. (ஈழத்தமிழர் எல்லோருடைய கோப்புகளையும் வேண்டுமென்றே தூங்கவைத்திருந்தார்கள் என்பது பிறகு நாடறிந்த விவகாரம். நானோ தபால்காரனைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.) மாதாமாதம் “விசா வரும்” என்று எழுதுவேன். ஒருநாள் அவள் பதில் எழுதினாள்: “வரும் வரும் எண்டு எழுதாதேங்கோ. அங்க உண்மையா இருக்கிற ஏதாவது ஒண்டைக் காட்டுங்கோ.”

அந்த வாரம் கடற்கரைப் பக்கம் துருவ ஒளி தெரிந்ததாகத் தொழிற்சாலையில் பேச்சு. நண்பர் யோகண்ணையின் காரையும் கமராவையும் இரவல் வாங்கிக்கொண்டு வடக்கே ஓடினேன். குளிர்காலம், மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. ஒரு மரக்காட்டுக்குப் பின்னால் வானம் செம்மஞ்சளாகப் பற்றி எரிந்தது. உழுத வயலுக்குள் இறங்கி, முழங்கால்வரை சேற்றில் நின்று, முப்பத்தாறு படமும் எடுத்தேன். முப்பத்தைந்து கறுப்பு. தேறிய ஒன்றை, துருவ ஒளி என்று எழுதி அனுப்பிவைத்தேன்.

பதில் வந்தது. “உங்களை மறக்கச் சொல்லி அப்பா நிக்கிறார். படத்தைக் காட்டி, அவர் பொய் சொல்லுற ஆளில்லை எண்டு சண்டை பிடிச்சுப் போட்டன்.” அன்று நான் ஓரடி வளர்ந்தேன்.

விவகாரம் வெடித்து, விசாவும் கிடைத்து, சாந்தி வந்து சேர்ந்தாள். முதல் வாரமே அந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே இடத்தில், அதே நிறத்தில், வானம் எரிந்தது. எவ்வளவு விசுவாசமான ஒளி என்று பூரித்துப்போனேன். நாயோடு வந்த டேனிஷ் கிழவர் ஒருவர், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். “நோர்லூஸ்,” என்று துருவ ஒளிக்கான டேனிஷ் சொல்லால் அவருடைய நாட்டு வானத்தை அவருக்கே விளக்கினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “தொமேட்டர்,” என்றார்.

“என்னவாம்?” என்றாள் சாந்தி.

“தக்காளியாம்.” காட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் விளக்குப் போட்டுத் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

“இந்தத் தக்காளிக்காகத்தான் அப்பாவோட எட்டு மாசம் கதைக்காமல் இருந்தனான்,” என்றாள் அவள். அதற்குப் பிறகு வயல் வரம்பிலேயே குந்தியிருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அந்தப் படம் இன்றும் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. பிள்ளைகள் எத்தனை தரம் கழற்றச் சொன்னாலும் கழற்ற மாட்டேன். ஓர் அரசாங்கமே இரண்டு வருடம் காட்டாத நேர்மையை நான் முழங்கால் சேற்றில் நின்று காட்டியிருக்கிறேன்.

போன குளிர்காலம் பிள்ளைகள் எங்களை நோர்வேயின் வடமுனைக்குக் கூட்டிப்போனார்கள். பச்சையும் ஊதாவுமாக வானம் முழுவதும் அசைந்தது. எல்லோரும் அண்ணாந்து நின்றோம். சாந்திதான் முதலில் வாய் திறந்தாள்.

“ஆரின்ர தோட்டமோ தெரியாது. நல்ல பெருசா வச்சிருக்கிறான்.”