முதல் விலைக்கு வாங்காத ஜெனீற்றா

சரவணை,
வேலணை.

அன்பின் பெறாமகள் நிருஜாவுக்கு,

பெரியப்பா இலட்சுமணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது பெரியம்மாவும் சுகம். கிணற்றுத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் உவர்ப்பு. அதைத் தவிர எங்களிடம் முறைப்பாடு எதுவும் இல்லை. கொழும்பில் நீரும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு விடயத்துக்கு வருகிறேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது மண்கும்பான் கடற்கரையில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். "பெரியப்பா, எங்கட கொம்பனியில ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு ஏ.ஐ. குடுத்திட்டம். ஒருத்தரும் திறந்து பாக்கினமில்லை. பயப்பிடுற பெரிய ஆக்களுக்கு என்னெண்டு படிப்பிக்கிறது?" என் வாய் நிறையக் கச்சான் கடலை. விழுங்கிவிட்டுச் சொல்லலாமென்று இருக்க, உமது சின்னவன் செருப்பை அலைக்குள் விட்டுவிட்டான், எல்லோரும் செருப்பைத் துரத்தினோம், கேள்வி அப்படியே நின்றுவிட்டது. செருப்புப் போகாமல் இருந்தாலும் அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர்கள் இரண்டு பெண்கள்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நான் ஊர்காவற்றுறையில் 'நீலத்திரை' கடலுணவு நிறுவனத்தின் கிளையில் கடிதங்கள் எழுதிக் கொடுக்கப் போவது உமக்குத் தெரியும். மீன் வாங்குவதும் ஐஸ் விற்பதும் அவர்களுடைய தொழில். வடக்குக் கிழக்கு முழுக்கக் கிளைகள் உள்ள பெரிய நிறுவனம். எங்கள் முகாமையாளர் எமிலியானுஸ் கதிரையில் இருப்பதற்கு முன் கதிரையிடமே அனுமதி கேட்கக்கூடிய அளவுக்கு மரியாதையான மனிதர். மீன் கொள்வனவுக்குப் பொறுப்பு ஜெனீற்றா. அவர் இறங்குதுறையில் வாய் திறந்தால் காகம்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

எங்களுக்கும் தலைமை அலுவலகம் ஏ.ஐ. அனுப்பியது. அதற்கு முதல் பயிற்சி என்று ஒரு வீடியோ வந்தது. அதில் கோட்டுப் போட்ட ஒருவர் எதிர்காலத்தைப் பற்றி மிக வேகமாகப் பேசினார், நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தோம், முடிவில் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார், அமத்தினோம், உடனே எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. எமிலியானுஸ் தன்னுடையதைச் சட்டம் போட்டு அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். எங்கள் கிளை முழுமையாகப் பயிற்சி பெற்றுவிட்டதென்று தலைமை அலுவலகம் பாராட்டுச் செய்தியும் அனுப்பியது. அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. போன ஒன்றிரண்டு பேரும், வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரியோடு கதைப்பதுபோலவே அதோடு கதைத்தார்கள். எமிலியானுஸ் "பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் வேலைப்பளுவுக்கு மத்தியில்" என்றுதான் தொடங்குவார். அது என்ன சொன்னாலும் நன்றி சொல்லி, அப்படியே அச்சடித்துவிடுவார். விருந்தாளி சொன்னதைப் பிழை என்று சொல்லுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லைத்தானே.

அந்த மரியாதையால் வந்ததுதான் வில்லங்கம். ஐஸ் இயந்திரம் திருத்துவதற்காக ஒரு சனிக்கிழமை ஐஸ் கொடுக்க முடியாது. படகுகாரரைத் தெரிந்தவர் என்று, அதற்கு ஓர் அறிவித்தல் எழுதும்படி ஜெனீற்றாவிடம் சொன்னார்கள். அவர் ஏ.ஐ.யைக் கேட்டார். அது "ஆழ்ந்த வருத்தத்துடன் அறியத் தருகின்றோம்" என்று தொடங்கி, "பனிக்கட்டி உற்பத்தி நிலையம் தனது செயற்பாட்டை நிறுத்திக்கொள்கின்றது" என்று ஒரு பக்கத்துக்கு எழுதியது. அழகாக இருக்கட்டுமென்று யாரோ அதைச் சுற்றிக் கறுப்புக் கோடும் போட்டார்கள். வாசலில் ஒட்டிக் கொஞ்ச நேரத்தில், "ஆர் மோசம் போனது?" என்று சனம் கேட்டுக்கொண்டு வந்தது. ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்து எமிலியானுஸின் கையைப் பிடித்து அழ ஆயத்தமானார். ஐஸ் கொம்பனியை மூடிவிட்டார்கள் என்று சில படகுகாரர் வேறு இடத்தில் ஐஸ் எடுக்கப் போய்விட்டார்கள். இறங்குதுறை முழுக்கச் சிரிப்பு. "ஜெனீற்றா, எட்டுச் செலவு எப்ப?" என்று எட்டாம் நாள் சடங்கை விசாரிக்காத ஆள் இல்லை.

"வாசிக்கேக்க ஒரு மாதிரி இருக்கெண்டு உமக்கு விளங்கேல்லையோ?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"விளங்கினது மாஸ்ரர். செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கெண்டு நினைச்சனான். ஆனா அது படிச்சது. நான் என்னெண்டு அதுக்குப் பிழை சொல்லுறது?" சொல்லிக்கொண்டிருக்கக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இது ஏலாது. இந்த மாதத்தோட வேலையால நிக்கப் போறன்."

அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கணவனுக்கு முதுகு நோ, கடலுக்குப் போவதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் "யோசித்துச் செய்யும்" என்பதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

நிருஜா, நெடுந்தீவில் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை கணக்குச் செய்து 'ஏழரை மாடு' என்று விடை எழுதியிருந்தது. அதன் வீட்டில் மாடுகள் நின்றன. அரை மாடு எங்கேயும் மேய்வதில்லை என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கொப்பியைத் திறந்ததும் மாட்டை வெளியில் கட்டிவிட்டு வந்துவிட்டது. ஜெனீற்றாவும் அப்படித்தான் வாசலில் எதையோ கட்டிவிட்டு வந்து கணினிக்கு முன்னால் இருந்தார். அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. நிலக்சனா கண்டுபிடித்தார்.

நிலக்சனா தலைமை அலுவலகப் பயிற்சிப் பகுதியிலிருந்து வந்தவர். வந்ததும் படம் போட்டுக் காட்டப்போகிறார் என்று நாங்கள் கதிரைகளை அடுக்கி வைத்தோம். அவர் கணினியைத் திறக்கவேயில்லை. "வீட்டுக்கு மீன் வாங்க வேணும், ஆர் அக்கா என்னோட வாறது?" என்று கேட்டு ஜெனீற்றாவைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். மீன் விற்கிற கதிர்காமு ஒரு பாரையைத் தூக்கிக் காட்டி விலை சொன்னார்.

"கதிர்காமு அண்ணை, இதென்ன விலை? மீனோட வள்ளத்தையும் சேத்தோ விக்கிறியள்?" என்று ஜெனீற்றா கேட்டார்.

"விடியப் பிடிச்சது பிள்ளை. கண்ணைப் பார்."

"பாத்தனான். அதுக்கு வெள்ளெழுத்து."

கதிர்காமு கொஞ்சம் இறங்கினார். ஜெனீற்றா திரும்பி நடந்தார். "எட பிள்ளை, நில்லன்!" என்று அவர் இன்னும் இறங்கினார். கடைசியில் பாரையோடு ஒரு கை சூடை மீனும் சும்மா வந்தது. சண்டை என்று நினைக்க வேண்டாம். மீனை வெட்டிக்கொண்டே கதிர்காமு ஜெனீற்றாவின் மகளுடைய படிப்பை விசாரித்தார், இவர் அவருடைய சலரோகத்தை விசாரித்தார்.

கிளைக்கு வந்ததும் நிலக்சனா கேட்டார்: "அக்கா, அந்த அண்ணை சொன்ன முதல் விலைக்கு ஏன் வாங்கேல்லை?"

"முதல் விலைக்கு வாங்கினா அவரே என்னை விசரி எண்டு நினைப்பார்."

"அப்ப இந்த ஏ.ஐ.யின்ர முதல் மறுமொழியை மட்டும் ஏன் வாங்கினீங்கள்?"

ஜெனீற்றா கணினியைத் திரும்பிப் பார்த்தார். "அவர் கதிர்காமு அண்ணை. இது படிச்சது."

"படிச்சதுதான் அக்கா. ஆனா ஊர்காவற்றுறைக்கு இன்னும் வரேல்லை."

எமிலியானுஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு ஜெனீற்றா கணினிக்கு முன்னால் இருந்து, அதே அறிவித்தலை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். "இது செத்த வீட்டுக்கு எழுதினது. எனக்கு வேண்டாம்." அது மன்னிப்புக் கேட்டுக் குறைத்தது. "இன்னும் நீளம். படகில நிண்டு வாசிக்கிறதுக்கு." குறைத்தது. "பனிக்கட்டி எண்டு இஞ்ச ஆரும் சொல்லுறேல்லை. ஐஸ் எண்டு போடு." போட்டது. அதோடு, தூர இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வழியில் அறிவிக்க வேண்டுமா என்றும் கேட்டது. ஜெனீற்றா நிமிர்ந்து பார்த்தார். "அட, நெடுந்தீவுப் படகுகாரருக்கு நாங்கள் சொல்லவேயில்லை! இது சும்மா ஆளில்லை மாஸ்ரர்." அவ்வளவு நேரமும் நிலக்சனா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், விசைப்பலகையை ஒருமுறையும் தொடவில்லை. படிப்பிக்கிறவருக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. வாழ்நாள் முழுக்கப் படிப்பித்த எனக்கே கை துருதுருத்தது.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் கேளும். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் கொஞ்ச நேரம் எல்லோரும் கூடி, முதல்நாள் ஏ.ஐ.யோடு யாருக்கு என்ன பிழைத்தது என்று சொல்ல வேண்டும். முகாமையாளர்தான் முதலில் சொல்ல வேண்டும். எமிலியானுஸ் எழுந்து நின்று, பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல மெல்லிய குரலில் சொல்லுவார். முகாமையாளருக்கே பிழைக்கிறதென்று கண்டபின் மற்றவர்களுக்கு வாய் வந்துவிட்டது. இப்போது சிரிப்புச் சத்தம் வீதிக்குக் கேட்கிறது. எமிலியானுஸ்தான் பேரத்தில் கொஞ்சம் அளவு மீறிவிட்டார். ஒருவருக்கு லீவு கொடுக்கிற இரண்டு வரிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பி எழுதுவித்ததில், கடிதம் வருமுன் அந்த ஆள் லீவு முடிந்து வந்துவிட்டார். "சேர், மீன் நல்லதெண்டா வாங்கியிட வேணும். வெயிலில வைச்சுப் பேசிக்கொண்டு நிக்கப்பிடாது," என்று ஜெனீற்றா அவருக்கு வகுப்பு எடுத்தார்.

மாத முடிவு வந்தது. எல்லோரும் ஜெனீற்றாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எமிலியானுஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஜெனீற்றா, நீர் நிக்கப்போறன் எண்டனீர்..."

"அது நான் சொன்ன முதல் விலை, சேர். அதுக்கு ஆர் வாங்குவினம்?" என்றுவிட்டு அவர் மீன் நிறுக்கப் போய்விட்டார். எமிலியானுஸ் சான்றிதழ்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

உமது வேலை நன்றாக நடக்க வேண்டும். மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லும், பிள்ளைகளைக் கொஞ்சினதாகச் சொல்லும். எல்லோரும் நீடு வாழ ஐயனாரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா,
க. இலட்சுமணன்

பி.கு.: உறையில் போடுமுன் இதை ஜெனீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு மாஸ்ரர். ஆனா வேலைக்குப் போற பிள்ளை இவ்வளவையும் எப்ப வாசிக்கிறது? நான் வாங்கமாட்டன். குறையுங்கோ," என்றார். குறைத்துக் கொண்டுபோனேன். "இன்னும்" என்றார். ஆகவே மேலே உள்ள அவ்வளவையும் விட்டுவிடும். கடைசியாக அவர் வாங்கியது இதைத்தான்: நாளைக் காலையில் உமது ஆட்கள் எல்லோரும் பார்க்க, நீரே ஏ.ஐ.யிடம் ஒரு வேலையைக் கொடுத்து, வருகிற முதல் பதிலை அவர்கள் காது கேட்க "இது காணாது, இன்னும் திருத்து" என்று திருப்பி அனுப்பும்.