மாம்பழக் கம்பெனியில் முன் அனுபவம்

'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே என்ன போடுவது என்று தெரியாமல் ஹரிதா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பெயர், ஊர், பி.காம். பாஸ் என்று மூன்றே வரி. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று காலி இடம்.

"இவ்ளோ காலியா வுட்டா எச்.ஆர்.காரரு அதுல கிரிக்கெட் ஆடுவாரும்மா" என்றார் ஹரிபிரசாத்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெட் சென்டர் வைத்திருப்பவர் அவர். ஆதார் திருத்தத்திலிருந்து திருமலை தரிசன டிக்கெட் வரை அவர் கை படாத காகிதம் அந்த வட்டாரத்தில் கிடையாது.

"மூணு வருசமா ஊர்ல பால் சென்டர் கணக்கு நான்தாண்ணா பாத்துக்கினு இருக்கேன். அதப் போடலாமா?"

"அது எக்ஸ்பீரியன்ஸ் இல்லம்மா. அது பாலு."

ஹரிதாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒயர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை காலி. கம்பெனி பஸ் அவள் ஊர் முனையிலேயே வந்து நிற்கும். ஆனால் முன் அனுபவம் கட்டாயம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். அவளுடைய நைனா சம்பத்தோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் வேலை கிடைத்தால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார். கிடைக்காவிட்டால் மாமன் மகன் மோகன்ராஜ்.

மோகன்ராஜ் கெட்டவன் இல்லை. தன் பைக் என்ன மைலேஜ் தருகிறது என்பதைத் தவிர வேறு எதையும் பேசமாட்டான், அவ்வளவுதான். போன மாதம் ஒரு சாவு வீட்டில்கூட அதைத்தான் பேசினான். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அவள் முகத்தைப் பார்த்த ஹரிபிரசாத், கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"நம்மகிட்ட ஒரு கம்பெனி இருக்குது."

அந்தக் கம்பெனியின் பெயர் ஸ்ரீ பத்மஜா ஃப்ரூட் ப்ராடக்ட்ஸ், வெதுருகுப்பம். மாம்பழக் கூழ் தயாரிப்பு.

"நெஜமாவே இருக்குதாண்ணா?"

"ரெஸ்யூமேல இருக்குது இல்ல? அது போதும். சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிங்க எல்லாம் சீசன்லதான ஓடுது? மத்த நாள்ல கேட்டுக்குப் பூட்டு. யாருனா விசாரிக்கப் போனாகூட ஏதோ ஒரு பூட்டின கேட்டைப் பாத்துட்டு, சரி, இதுதான் போலன்னு திரும்பிடுவாங்க. இந்தக் கம்பெனில இருந்து போனவங்கல்லாம் இப்ப பெரிய பெரிய சீட்டுல உக்காந்துகினு இருக்காங்கம்மா. இதுவரிக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தது இல்ல."

இல்லாத கம்பெனிமேல் யார் போய் எங்கே புகார் கொடுப்பது என்று ஹரிதாவுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மோகன்ராஜின் பைக் சத்தமும் கூடவே காதில் கேட்டது. "போடுங்கண்ணா" என்றாள். அங்கே இரண்டு வருஷம் அக்கவுண்டன்ட் என்று ரெஸ்யூமேயில் ஏறியது.

ஒரே வாரத்தில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அனுபவச் சான்றிதழ் அனுப்பச் சொன்னார்கள்.

ஹரிபிரசாத் அசரவில்லை. ஊதா மையில் வட்ட முத்திரை குத்தி, கீழே யாருக்கும் புரியாத ஒரு கையெழுத்தும் போட்டு, சான்றிதழை அனுப்பிவைத்தார்.

அடுத்து, அந்தக் கையெழுத்துக்கு உரிய மேனேஜரின் போன் நம்பரைக் கேட்டார்கள். இதை ஹரிபிரசாத்தே எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் ஹரிதா நைனாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"அடிப்பாவி. நானு மேனேஜரா?" என்றார் சம்பத். முகத்தில் கோபம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. அன்று முதல் தலைவாரிக்கொண்டுதான் நிலத்துக்குப் போனார்.

போன் வந்தபோது அவர் நிலக்கடலைக் கொல்லையில் களை பறிக்கும் பெண்களோடு நின்றிருந்தார்.

"ஹலோ, மேனேஜர் பேசறேன்."

"நமஸ்காரம். ஸ்ரீ சிட்டிலேர்ந்து எச்.ஆர். கண்ணபிரான் பேசறேன். ஹரிதாங்கற பொண்ணு உங்ககிட்ட வேலை பார்த்தாளா?"

"பாத்துது சார். தங்கமான பொண்ணு. நானே பெத்த பொண்ணு மாதிரி."

"நீங்க எத்தனை நாளா அங்க மேனேஜர்?"

இதற்குச் சம்பத் தயாராக இல்லை. குறைத்துச் சொன்னால் மகளுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தார்.

"கம்பெனி தொறந்த நாளா நான்தான் சார். எனுக்கு முன்னால வேற மேனேஜரே கெடையாது. எவனையும் அந்த நாற்காலில குந்த வுட்டதில்ல."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சம்பத் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"வேற... யாருமே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டது குரல்.

"ஒருத்தன்கூட இல்ல சார்."

"சரி. பொண்ணை இன்டர்வியூக்கு வரச் சொல்லுங்கோ. ஆனா இப்ப எங்கிட்ட சொன்னதை வேற யார்கிட்டயும் சொல்லவேண்டாம்."

மாலையில் ஹரிதாவிடம் இதை அப்படியே ஒப்பித்தார். எச்.ஆர். கண்டுபிடித்துவிட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நேரில் கூப்பிட்டு அவமானப்படுத்தத்தான் போகிறார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கம்பெனியப் பத்தி கேட்டா நீ டக்கு டக்குனு பதில் சொல்லணும், அவ்ளோதான்" என்றார் சம்பத். உடனே அந்த ஃபேக்டரியைக் கட்டத் தொடங்கினார். கேட் பக்கத்தில் ஒரு பெரிய வேப்பமரத்தை வைத்தார். மரத்தடியில் வாட்ச்மேனை உட்காரவைத்தார். வாட்ச்மேனுக்குத் துணையாக ஒரு செவலை நாயையும் விட்டார்.

"நாய் எதுக்கு நைனா?"

"சும்மா இருக்கட்டும். களையா இருக்கும்."

அடுப்படியிலிருந்து அம்மா யசோதா கரண்டியோடு வந்தாள். "என் பொண்ணு ரெண்டு வருசம் அங்க இன்னா துன்னுது?"

"கேன்டீன் இருக்குது இல்ல. உப்புமா."

"ரெண்டு வருசமும் உப்புமாவா? ஏன், மேனேஜருக்கு மனசே இல்லியா? வெள்ளிக்கெழமைல புளியோதரை போடு."

"பேக்டரில ஏதுடி புளியோதரை?"

"மாம்பழம் இருக்குது, நாய் இருக்குது, புளியோதரை இருக்கக்கூடாதா?"

சண்டை முற்றி, கடைசியில் வெள்ளிக்கிழமைதோறும் வேர்க்கடலை போட்ட புளியோதரை என்று முடிவானது. இல்லாத கேன்டீனில் இல்லாத புளியோதரைக்காக இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்து ஹரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகக்கூடாது, இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்டர்வியூ அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணபிரான். திருப்பதிக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருமண். அதைப் பார்த்ததுமே ஹரிதாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனிதரிடம் பொய் சொல்லலாம், பெருமாள் சன்னிதியில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? இன்னொருவர் கணக்குப் பிரிவின் தலைவி தாட்சாயணி. கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, கண்ணாடி வழியாக இன்னொரு பார்வை என்று இரண்டு தடவை பார்ப்பவர்.

"ஸ்ரீ பத்மஜா ஃப்ரூட் ப்ராடக்ட்ஸ். நான் சித்தூர்லயே பிறந்து வளர்ந்தவ, இப்படி ஒரு பேரைக் கேள்விப்பட்டதே இல்லையே. எங்க இருக்கு?" என்று தாட்சாயணி ஆரம்பித்தார்.

"வெதுருகுப்பம் மேடம்."

"வெதுருகுப்பத்துல எங்க?"

ஹரிதா வாயைத் திறப்பதற்குள் கண்ணபிரான் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ரோட்டு மேலயே இருக்குமே, மேடம். கேட் பக்கத்துல பெரிய மரம்கூட ஒண்ணு நிக்கும். இல்லையாம்மா?"

"ஆமா சார், வேப்பமரம்" என்றாள் ஹரிதா. சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். இவருக்கு எப்படி மரம் தெரியும்? நைனா நட்ட மரமாயிற்றே.

"வேம்பா? நான் புளின்னு நினைச்சேன்."

"புளியமரத்த வெட்டிட்டாங்க சார்."

"அதானே பார்த்தேன்" என்று கண்ணபிரான் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தார்.

ஹரிதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அப்படியானால் கம்பெனி உண்மையிலேயே இருக்கிறது. ஹரிபிரசாத் எங்கேயோ இருக்கும் கம்பெனியின் பெயரை எடுத்துப் போட்டுத் தன்னை மாட்டிவிட்டார்.

"இப்ப இருக்கற மேனேஜருக்கு முன்னாடி இன்னொருத்தர் இருந்திருப்பாரே?" கண்ணபிரானின் குரல் சற்றுக் குழைந்தது. "ரொம்ப நல்ல மனுஷர்னு கேள்வி."

நைனா அப்படி யாரும் இல்லை என்றல்லவா சத்தியம் செய்திருக்கிறார்? ஆனால் எதிரே இருந்த முகம் 'ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு' என்று கெஞ்சியது.

"இருந்தாராம் சார். நான் சேர்றதுக்கு முன்னாலயே போய்ட்டாரு. இன்னிக்கும் எல்லாரும் அவரப் பத்திதான் பேசிக்கினு இருக்காங்க."

கண்ணபிரானின் முகம் மலர்ந்தது. தாட்சாயணி அவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார்.

"கேன்டீன் வசதியெல்லாம் உண்டா?"

"உண்டு மேடம். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வேர்க்கடலை போட்ட புளியோதரை."

டீ கொண்டுவந்த ரத்னம்மா என்ற அம்மாள் தட்டோடு அப்படியே நின்றாள். ஹரிதாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவள் முன்னால் மட்டும் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள்.

"சரிம்மா. வருஷத்துல ரெண்டு மூணு மாசம் ஓடற ஃபேக்டரி. மிச்ச நாளெல்லாம் அக்கவுண்டன்டுக்கு அங்க என்ன வேலை?"

இந்தக் கேள்விக்கு நைனா எதையும் கட்டிவைக்கவில்லை. பயத்தில் ஹரிதாவின் வாயிலிருந்து உண்மை குதித்துவிட்டது.

"பாலு மேடம்."

"மாம்பழக் கம்பெனில பாலா?"

"மேங்கோ மில்க்ஷேக், மேடம்" என்றார் கண்ணபிரான் அவசரமாக.

தாட்சாயணி பேனாவை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தார். "அந்தப் பால் கணக்கைச் சொல்லு."

பால் என்றதும் ஹரிதாவுக்கு நாக்கு இளகியது. காலையும் மாலையும் பால் எடுப்பது, கொழுப்புக்குத் தக்கபடி விலை போடுவது, ஒருத்தர் ரீடிங் இன்னொருத்தர் பெயரில் ஏறிவிட்டால் எந்த இடத்தில் பிடிப்பது, பணம் பட்டுவாடா ஆன பிறகு தெரிந்தால் அடுத்த பில்லில் இருவரிடமும் கையெழுத்து வாங்கி எப்படிச் சரிசெய்வது என்று மடமடவென்று சொன்னாள். தண்ணீர் கலந்தவரை ஊரார் முன்னால் காட்டிக்கொடுக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதைப் பற்றியும் சொன்னாள். தாட்சாயணி குறுக்கே கேள்வி கேட்டார். அவள் தயங்காமல் பதில் சொன்னாள். கண்ணாடிக்கு மேலே வந்த பார்வை நின்றேபோயிற்று.

"இத்தனை விவரமா யாரும் சொன்னதில்ல" என்றார் தாட்சாயணி. "நல்ல கம்பெனிலதான் இருந்திருக்க."

அந்தப் பாராட்டுதான் ஹரிதாவை உடைத்தது. தான் உண்மையில் செய்த வேலைக்கு அல்லவா இத்தனை மதிப்பும்? அதைப் போய்ப் பொய்க் கம்பெனியின் பெயரில் வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"மேடம், நெஜத்த சொல்லிடறேன். அப்படி ஒரு கம்பெனியே—"

"—இந்த ஜில்லாவுல வேற கிடையாதுன்னு சொல்ல வரா" என்று கண்ணபிரான் எழுந்தே விட்டார். நெற்றியில் திருமண்ணைச் சுற்றி முத்து முத்தாக வியர்வை. "மேடத்துக்குத் திருப்திதானே? எனக்கும் திருப்தி. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடும்மா. இப்போ கிளம்பு."

கதவுவரை அவரே கூட வந்தார். வெளியே வந்ததும் காதருகே குனிந்தார். "உங்க மேனேஜர்கிட்ட ஒண்ணு சொல்லு. முதல் நாள்லேர்ந்து நான்தான்னு இனிமே யார்கிட்டயும் சொல்லவேண்டாம். நடுவுல ஒரு பத்து வருஷம் எங்கேயாவது லீவுல போயிருந்ததா வச்சுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

ஹரிதாவுக்குத் தலை சுற்றியது. வேலை கிடைத்துவிட்டது, கல்யாணப் பேச்சு இரண்டு வருஷத்துக்கு இல்லை, ஊர் முனையில் பஸ் வந்து நிற்கும். குதிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் என்ன நடந்தது என்று மட்டும் புரியவில்லை. கால் போன போக்கில் கம்பெனி கேன்டீனுக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நைனாவைக் கூப்பிட்டு, "நைனா, கெடச்சிட்ச்சி" என்றதுமே, அந்தப் பக்கம் கடலைக் கொல்லை முழுவதும் மேனேஜரின் சிரிப்புக் கேட்டது.

ரத்னம்மா ஆவி பறக்கும் டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"குடி பாப்பா. நம்ம புத்தூர் ஹரிபிரசாத் சொகமா கீறாரா?"

டம்ளரை எடுத்த கை பாதியில் நின்றது. "அவர உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

ரத்னம்மா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நம்ம கண்ணபிரான் சாரு அந்த மாம்பழக் கம்பெனில மேனேஜரா இருந்தப்ப, கேன்டீன்ல சமையல் செஞ்சிக்கினு இருந்ததே நான்தான பாப்பா. ஆனா வெள்ளிக்கெழமை புளியோதரை போட்டது எனுக்கே இன்னிக்குத்தான் தெரியும்."