மாப்பிள்ளை விட்டுப்போன பன்னிரண்டு துண்டுகள்

தேனி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கார்த்திக்ராஜ் அவர்களுக்கு,

மாமனார் ஏசுதாசன் வாழ்த்தி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே நானும் உங்கள் அத்தை ஞானசெல்வியும் சுகமாக இருக்கிறோம். தோஹாவில் நீங்களும் ஜெபஷீலாவும் பேத்தி ஏஞ்சலும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். நீங்கள் என்னிடம் ஒப்படைத்துப்போன கருப்புக் காரும் சுகமாக இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் பாதிப் பேச்சில் வீடியோவைப் போடச் சொல்வீர்கள், வீடியோவைப் போட்டால் கொடியில் காயும் துண்டுகளைக் காட்டச் சொல்வீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. உங்கள் சிநேகிதர் உத்தமபாளையம் ஷானவாஸ் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா கஸ்தூரியம்மாள் தேவாரத்திலிருந்து போன் செய்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நேரே வந்து வண்டியைப் பார்வையிடப் போகிறாராம். “ஒத்தக் கோடு விழுந்திருந்தாலும் தேவாரத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்ணே. மகன் வண்டி தாய் வீட்டுல நிக்கிறதுதான மொறை?” என்று கேட்டார். நான் போடியில் ஏலக்காய்க் கடையை மூடி இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் என்னை நிறுத்திப் பேசியவர்கள் யாருமில்லை. வண்டி வந்ததிலிருந்து நிற்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். எனக்கு மைலேஜ் தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். இந்த வண்டி வாசலை விட்டுப் போனால் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும். மாப்பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

ஆகவே துண்டுகளைப் பற்றிய உண்மை நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விட்டுப்போன மைக்ரோஃபைபர் துண்டுகள் பன்னிரண்டு. கழுவியதும் ஈரம் ஒற்ற இரண்டு பெரிய நீலத் துண்டு, பெயின்ட்டைத் துடைக்க ஆறு மஞ்சள், சக்கரத்துக்கு நான்கு சாம்பல். ஒன்றின் வேலையை இன்னொன்று பார்க்கக் கூடாது, தரையில் விழுந்தது பெயின்ட் பக்கம் போகக் கூடாது, வெந்நீர் கூடாது, வேட்டி துணிமணியோடு ஊறவைக்கக் கூடாது, இஸ்திரி கூடவே கூடாது, வயதாகிப்போன துண்டைச் சக்கரத்துக்கு இறக்கி அதற்கும் பிறகு இன்ஜினுக்கு இறக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் நான் உடனே புரிந்துகொண்டேன், ஏனென்றால் ஏலக்காயிலும் தரம் பார்த்துப் பிரித்துத்தான் வியாபாரம். உங்கள் அத்தைக்கு சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பது மாதிரி வாசித்துக் காட்டினேன். அவள், “எம் பிரசவத்துக்குக்கூட எங்க ஆத்தா இம்புட்டு பத்தியம் சொல்லல” என்று எழுந்து போய்விட்டாள்.

கஞ்சி போடாத துணி அவள் கையை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. நான் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்த அன்று இரண்டு நீலத் துண்டையும் என் வேட்டிகளோடு அலசி, வடித்த கஞ்சியில் முக்கி, மொட்டைமாடி வெயிலில் விறைக்க விறைக்கக் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியை நல்ல சூட்டில் வைத்துத் தேய்த்திருக்கிறாள், தேய்த்த பக்கம் இழையெல்லாம் உருகிப் படிந்து பட்டு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், உருண்டு ஓடியது. ஈரத்தை உறிஞ்ச வேண்டிய துண்டு ஈரத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கிறது. “பாருங்க, இப்பத்தான் துண்டு மாதிரி இருக்கு” என்று நான்காக மடித்து பீரோவில் வைத்தாள். விஷயம் அதோடு நின்றிருக்கலாம். அந்த ஞாயிறு நம் சபைக்கு மதுரையிலிருந்து சிறப்புச் செய்தி கொடுக்க ஒரு போதகர் தன் மனைவியோடு வந்தார், சபைச் செயலாளர் தங்கப்பாண்டி சால்வை வாங்க மறந்துவிட்டார், கடைகள் திறக்கவில்லை, நம் வீடுதான் பக்கம், “அக்கா, போத்துறதுக்கு ஏதாச்சும் இருந்தா குடுங்கக்கா, பாஸ்டர் ஐயர் வந்துட்டாக” என்று ஓடிவந்து நின்றிருக்கிறார், உங்கள் அத்தையும் பீரோவைத் திறந்திருக்கிறாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான், உங்கள் வண்டியைத் துவட்டும் துண்டு போதகரின் தோளில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். பளபளப்புப் பக்கம் வெளியே, உருகாத பக்கம் உள்ளே. போதகருக்குக் கட்டையாக வெட்டிய தாடி. குனிந்து நன்றி சொன்னபோது துண்டு தாடியைப் பிடித்துக்கொண்டது. அவர் இழுத்தார், தங்கப்பாண்டி இழுத்தார், கடைசியில் மைக்கிலேயே, “இந்தச் சபையின் அன்பு என்னை விடமாட்டேன் என்கிறது” என்று சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது துண்டு அவர் மனைவிக்கு. இரண்டும் மதுரை போய்விட்டன. நாசூக்காகக் கேட்டு வாங்கலாமா என்றேன். “ஊழியக்காரருக்குப் போத்துனத யாராச்சும் திருப்பிக் கேப்பாகளா?” என்று உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இனி மஞ்சள் ஆறையும் நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். தனி வாளி, பச்சைத் தண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் திரவ சோப்பு, பிழியாமல் தூக்கி, மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்துக் காயப்போட்டேன். நீங்கள் நேரில் நின்றிருந்தால் பெருமைப்பட்டிருப்பீர்கள். அடுத்த மொட்டைமாடியில் ஜாய்ஸ் டீச்சர் மெத்தைகளைப் பிரித்து இலவம்பஞ்சை அடிக்க ஆள் விட்டிருந்தார், அதை நான் கவனிக்கவில்லை. பதினொரு மணிக்கு போடிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சாதாரணத் துண்டாக இருந்தால் உதறினால் போய்விடும். தொட்டதைப் பிடித்துக்கொள்வதுதான் மைக்ரோஃபைபரின் பெருமை என்று நீங்களே சொன்னீர்கள், அது உண்மைதான். மத்தியானம் போய்ப் பார்த்தபோது கொடியில் ஆறு ஆட்டுக்குட்டிகள் தொங்கின. முள்வாங்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாளில் ஒன்றரைத் துண்டு முடிந்தது. டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, எதுக்குப் பாடுபடுறீக? அப்படியே ஒரு உறைக்குள்ள வச்சுத் தச்சுருங்க” என்றார். உங்கள் அத்தைக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஏஞ்சல் வந்தால் படுத்துக்கொள்ள ஒரு தலையணை தயாராக இருக்கிறது.

மிச்சம் சாம்பல் நான்கு. சக்கரத்துத் துண்டைப் பெயின்ட்டில் வைக்கும் ஆள் நானில்லை. எனவே கடைவீதியில் அஜய்குமார் என்று ஒரு வியாபாரியிடம் போனேன். “மைக்ரோபைபர்னா மைக்ரோபைபர்தான் அண்ணாச்சி, கலருதான் வேற” என்றார். எடுத்துப் பார்த்தேன், பிரித்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் நைலான் தையல், மூலையில் நகம் மாதிரி ஒரு லேபிள். ஆனாலும் வேறு கதியில்லாமல் ஆறு வாங்கினேன். அவசரப்பட்டு வண்டியில் வைத்துவிடவில்லை. ஒரு பழைய சிடியின் அடிப்பக்கத்தில் துடைத்துப் பார், கோடு விழாவிட்டால் வண்டியிலும் விழாது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கைக்கு முதலில் அகப்பட்ட சிடியில் துடைத்தேன், நன்றாகவே கோடு விழுந்தது, துண்டு சரியில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அது உங்கள் கல்யாண சிடி. போதகர் ஜெபஷீலாவைப் பார்த்து, “இவரை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?” என்று கேட்கும் இடம் வரை ஓடுகிறது. அவள் பதில் சொல்வதற்குள் நின்றுவிடுகிறது. இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லவும்.

இதெல்லாம் நடந்தும் வண்டியில் ஒரு கோடு இல்லை என்றால், அதற்குக் காரணம் என் யோசனை. தூசி படிந்தால்தான் துடைக்க வேண்டும், துடைத்தால்தான் கோடு விழும். ஆகையால் தகுதியான துண்டு வரும் வரை வண்டியைப் போர்ட்டிகோவை விட்டு எடுப்பதில்லை என்று நான்கு மாதமாக மூன்று பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்திருக்கிறேன். சுருளி அருவிக்கு ஒரு தடவை போய்வரலாம் என்று உங்கள் அத்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வழியெல்லாம் புழுதி என்று சொல்லிவிட்டேன்.

எனவே ஓரத்தில் தையலும் மூலையில் லேபிளும் இல்லாமல், இழை அடர்த்தியாக, புதிதாகப் பன்னிரண்டு துண்டுகளைச் சீக்கிரம் வாங்கி அனுப்பவும். உங்கள் அத்தை கஞ்சி போட பதின்மூன்றாவதாக ஒன்று சேர்த்து அனுப்பினால் மற்றவை தப்பிக்கும். துண்டுகள் வந்து சேர்ந்த பிறகு பார்வையிட்டால் போதும் என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லவும். நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஜெபஷீலாவுக்கு என் ஆசீர். ஏஞ்சலுக்குத் தாத்தாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
வண்டிக்குப் பொறுப்பான மாமனார்,
ஏசுதாசன்.

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. உங்கள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் இன்று காலையே கர்ணன் என்று ஒரு டிரைவரோடு வந்துவிட்டார். பெட்ஷீட்டை விலக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு சுற்று சுற்றி வந்தார். “ஒரு கோடு இல்லையேண்ணே!” என்று அவர் சொன்னபோது இன்னொரு தடவை சுற்றிப் பார்க்கச் சொன்னேன். “சரி எடுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றார். சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி திருப்பினேன். கர்ணன் பானெட்டைத் திறந்து பார்த்து, “பேட்டரி செத்துப் போச்சுங்க, வண்டிய எம்புட்டு நாளா எடுக்கல?” என்று கேட்டார். தெருவே கூடிவிட்டது. ஆறு பேர் டிக்கியில் கை வைத்து வண்டியை வெளியே தள்ளினார்கள். அவர்கள் வந்த காரின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்தார்கள். கைரேகையையெல்லாம் உங்கள் அம்மா தன் சேலை முந்தானையால் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது ஒரு கோடும் விழவில்லை. “வண்டி ஓட்டுறதுக்குண்ணே, தொடைக்கிறதுக்கு வீட்டுல பீரோ இருக்குல்ல?” என்று மட்டும் சொன்னார். கர்ணன் நம் வண்டியில் உட்கார்ந்தார், பின் சீட்டில் உங்கள் அம்மா. அவருக்குப் பக்கத்தில், எப்போது சேலை மாற்றினாள் என்று தெரியவில்லை, உங்கள் அத்தையும் உட்கார்ந்திருந்தாள். சுருளிக்குப் போய்விட்டு அப்படியே தேவாரமாம். தெருவில் இப்போது இருப்பது அவர்கள் வந்த பழைய கார்தான், அதையும் சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப்போகும். துண்டுகள் அனுப்ப வேண்டாம். முன் சீட் காலியாகத்தான் இருந்தது, உங்கள் அம்மா என்னையும் ஏறச் சொன்னார். என் செருப்பெல்லாம் புழுதியாக இருந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.