ஒரு பூஜ்ஜியமும் பெண் பார்க்கும் படலமும்

காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிடக் குரங்கின் மேல் பழியைப் போடுவது எளிது. குரங்கு மறுத்துப் பேசாது. அதிலும் குற்றாலத்துக் குரங்கு என்றால் சாட்சியே வேண்டாம், ஊரே நம்பிவிடும்.

நான் அப்போது தென்காசியில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி என்றால் முதலாளி அண்ணாச்சி, லைன்மேன் இசக்கி அண்ணன், நெட்வொர்க் இன்ஜினியராகிய நான். யாருக்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுக்க நல்ல கருவி ஒன்று வாங்கலாம் என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு? பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கொடுங்க. லினக்ஸ்னு ஓசி சாஃப்ட்வேர் இருக்கு, அதுல நானே செஞ்சு தாரேன்" என்றேன். (இரண்டு வீடியோ பார்த்திருந்தேன். மூன்றாவதையும் பார்த்திருக்கலாம்.)

செய்தும் கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு விதி: இந்த ஐபி முகவரிக்கு (நெட்டில் அந்த வீட்டுக்கான எண்) போகும் டேட்டாவுக்கு இவ்வளவு வேகம். இருநூறு வீடு வரைக்கும் நெட் பறந்தது. அதைவிட உயரத்தில் நான் பறந்தேன். அப்புறம் குற்றாலம் லாட்ஜுகள், பாவூர்சத்திரம் காய்கறிக் கடைகள் என்று இணைப்பு இரண்டாயிரத்தைத் தாண்டியது. சாயங்காலமானால் நெட் ஊர்ந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்பார் அண்ணாச்சி.

"குரங்கு கேபிளைக் கடிச்சிருக்கும் அண்ணாச்சி."

ஒரு மாதம் இசக்கி அண்ணன் சாரலில் நனைந்துகொண்டு ஏணியும் கையுமாக அலைந்தார். "ஒரு பல்லுத்தடம்கூட இல்லயே மேடம்" என்று போனில் பரிதாபமாகச் சொல்வார். "நல்லா பாருங்கண்ணே" என்பேன், ஏசி அறையில் இருந்துகொண்டு.

இந்த லட்சணத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆலங்குளத்திலிருந்து குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நேரில் வந்துவிட, மாப்பிள்ளை டிவி வழியாக வீடியோ காலில் வருவதாக ஏற்பாடு. போன் டேட்டாவில் பேசிக்கொள்ளலாம் என்றார் என் அப்பா. விடுவேனா? எங்கள் கம்பெனி நெட்டில்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்தேன். நேரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. ஊரே நெட்டில் இருக்கும் நேரம்.

மாப்பிள்ளை "வணக்..." என்று வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார். ஐந்து நிமிடம். ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"எம்மவன் நேர்ல இப்படி இருக்க மாட்டான்" என்றார் அவருடைய அம்மா, கலக்கத்தோடு.

"தண்ணி கொண்டுவாரேன்" என்று உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். அது நூறு சதவீதத்தில் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது. ஊர் எக்கேடும் கெடட்டும், எங்கள் வீட்டு விதியை மட்டும் பட்டியலின் உச்சியில் ஏற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். (கடமை உணர்வு!) முகவரிக்குப் பின்னால் ஓர் எண் போட வேண்டும். முப்பத்திரண்டு போட்டால் 'இந்த ஒரு வீடு மட்டும்' என்று பொருள். பூஜ்ஜியம் போட்டால் 'யாராக இருந்தாலும்' என்று பொருள். பதற்றத்தில் பூஜ்ஜியத்தைப் போட்டேன்.

நூறாக இருந்த சுமை சட்டென்று நான்குக்கு இறங்கியது. என்னைவிட்டால் ஆளில்லை என்று எழுந்தேன். கூடத்தில் டிவி கறுத்துக் கிடந்தது.

தென்காசி, குற்றாலம், பாவூர்சத்திரம் அத்தனை பேரின் டேட்டாவையும் எங்கள் ஒரு வீட்டுக்கான குழாய்க்குள் திணித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திருத்தலாம் என்றால் லேப்டாப்பும் அதே குழாயில்தான் சிக்கிக் கிடந்தது. இனி ஆபீஸுக்கே போனால்தான் உண்டு. போனில் அண்ணாச்சி அழைத்துக்கொண்டே இருந்தார்.

பட்டுச்சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

"ஏட்டி, எங்கன போற?" என்று அம்மா வாசல் வரை ஓடிவந்தாள். பதில் சொல்ல நேரமில்லை. நான் போன பின்னால், மாப்பிள்ளை தன் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு, "பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஸ்கூட்டில போயிட்டாப்பா" என்றிருக்கிறார் அவர்.

தலை நிறையப் பூவோடு ஆபீஸுக்குள் நுழைந்த என்னை அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய இரண்டு போனும் அலறிக்கொண்டிருந்தன. அந்தப் பாழாய்ப்போன விதியை அழித்தேன். ஊருக்கு நெட் வந்தது. சுமை மறுபடி நூறுக்கு ஏறியது.

அப்போதுதான் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. முதல் விதியே எல்லாவற்றையும் விழுங்கியபோது மிஷின் சும்மா இருந்தது. அப்படியென்றால் அதைக் கொன்றது பட்டியலின் நீளம்! ஒவ்வொரு துணுக்கு டேட்டாவுக்கும் 'நீ முதல் வீடா? இல்லை. இரண்டாவது வீடா? இல்லை' என்று இரண்டாயிரம் கதவையும் வரிசையாகத் தட்டியிருக்கிறது. முகவரியின் கடைசி எண்ணை வைத்து விதிகளை இருநூற்றைம்பத்தாறு பெட்டிகளாகப் பிரித்தால், நேரே அந்தப் பெட்டியைத் திறந்து ஏழெட்டு விதியைப் பார்த்தால் போதும். அந்த வசதி லினக்ஸிலேயே இருந்தது. சேலையோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் மாற்றினேன். சுமை பத்தைத் தாண்டவில்லை.

"அப்போ குரங்கு?" என்றார் அண்ணாச்சி.

"குரங்கு ஒண்ணும் செய்யல அண்ணாச்சி."

அவர் என்னைத் திட்டவில்லை. இசக்கி அண்ணனுக்குப் போன் போட்டு, "ஏலே, ஏணிய விட்டு இறங்கு. கடிச்ச குரங்கு இங்கன பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்கு" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சம்பந்தம் முறிந்திருக்கும் என்றே நினைத்தேன். நடந்த கூத்தை அண்ணாச்சி அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அம்மா போனை நீட்டினாள். மறுமுனையில் மாப்பிள்ளை.

"என்னைப் பிடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. அதுக்காக மூணு ஊருக்கா நெட்டை நிறுத்துவாவ?"

சிரித்துவிட்டேன். அவரும். மூன்று மாதத்தில் கல்யாணம்.

இப்போது ஆலங்குளத்திலும் எங்கள் கம்பெனி நெட்தான். சாயங்காலத்தில் அது கொஞ்சம் தடுமாறினால் போதும், அங்கிருந்து மாமியார் முதல் ஆளாகக் கூப்பிடுவார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஏட்டி, இன்னைக்கு ஒன்னய யாரு பொண்ணு பாக்க வந்திருக்காவ?"