முளைப்பாரிக்கு மாட்டிய பல்பு

இந்த வருடம் முளைப்பாரி ஊர்வலத்தில் என் மனைவி பாஞ்சாலிதான் முதலில் நடப்பாள் என்று நான் முடிவு செய்தேன். பாஞ்சாலியைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்தால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, மனு.

எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடியில் திருவிழா. பெண்கள் ஆளுக்கொரு மண்சட்டியில் எருவைக் கொட்டி நவதானியம் விதைப்பார்கள். வெளிச்சமே புகாத ஒரு அறையில் ஒரு வாரம் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஆண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம். யாருடைய பயிர் அதிக உயரமோ அவர்தான் முன்னால் போவார்.

போன வருடம் முன்னால் போனவள் எதிர்வீட்டு அமுதவல்லி. அதில்கூட எனக்கு வருத்தமில்லை. அவள் புருஷன் கோவிந்தன் பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவனே முளைத்து வந்தவன் மாதிரி நடந்தானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் குப்புராஜ். நல்லம்பள்ளியில் உரக்கடையில் இருக்கிறேன். சுருண்ட இலை, வெளுத்த இலை, புழு தின்ற இலை என்று கையில் பிடித்துக்கொண்டு, பயிர் வைத்திருக்கும் சம்சாரிகள் என்னிடம்தான் வருவார்கள். "என்னா பண்றதுங்க சார்?" என்று கேட்பார்கள். நானும் சொல்வேன். வீட்டில் மட்டும் யாரும் என்னிடம் இலையைக் காட்டுவதில்லை. ஒரு தடவை எங்கள் கருவேப்பிலைச் செடி செழிக்கட்டுமே என்று ரெண்டு பிடி யூரியாவை அள்ளிப் போட்டேன். அது செழிக்கவில்லை. கருகிவிட்டது. அன்றோடு வீட்டில் என் டாக்டர் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள்.

இந்த வருடம் பாஞ்சாலிக்கு ஊர்வலத்தில் எந்த இடம் என்பது பெரிய விஷயமில்லை. அவள் கவலை வேறு. எங்கள் ஒரே பெண் அன்பு பெங்களூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துக் கருத்தரித்திருக்கிறாள். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பைக்கூட அங்கேயே முடித்தோம். இது பிரசவ மாதம். பயிர் நல்லபடியாக வந்தால் பெண்ணும் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வருவாள் என்று பாஞ்சாலி வேண்டிக்கொண்டு சட்டி வைத்திருக்கிறாள். வெளியே சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். போன் அடித்தால் மட்டும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். அந்தப் பயிருக்கு ஒன்று ஆனால் அவள் மனசு என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

விதை போட்ட அன்று ஸ்டோர் ரூம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னாங்க, இனிமே இந்த ரூம் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

"எட்டிப் பாத்தா என்னா ஆயிரும்?"

"கருவேப்பிலைக்கு என்னா ஆச்சு?"

"அது வெயில்ல..."

"நெழல்ல நின்ன செடி கருகுனதுக்கும் வெயிலுதான் காரணமா?"

நான் பேச்சை மாற்றினேன். அதாவது எழுந்து போய்விட்டேன்.

அன்று டீக்கடையில் கோவிந்தன் ஆரம்பித்துவிட்டான்.

"என்னா மச்சான், உங்க வூட்டுல சட்டி வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"பாத்து. உரம் கிரம் போட்டுறாத. தங்கச்சி பாவம்."

டீ கசந்தது. வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தேன். யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளேயே, சூரியனே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் கீரையும் தக்காளியும் வளர்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் சாப்பாடு என்றார். கடையில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும், வீட்டில் கிடக்கும் சாமானை வைத்தே செய்யலாம் என்றார். கும்மிருட்டில் கிடக்கும் என் மனைவியின் பயிரை நினைத்தேன். பாவம், பட்டினி கிடக்கிறது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வேலை ஆரம்பித்தது. உடைந்த டேபிள் ஃபேனின் முன்பக்கக் கம்பிக் கூண்டைக் கழற்றினேன். வட்டச் சட்டிக்கு வட்டக் கூண்டு, அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. உள்பக்கம் முழுக்கச் சப்பாத்தி சுற்றுகிற சில்வர் பேப்பரை ஒட்டினேன். நடுவில் ரெண்டு எல்.இ.டி. பல்பு. அன்புவின் வளைகாப்புக்கு வாங்கி இங்கேயே தங்கிப்போன சீரியல் செட்டில் பச்சையையும் மஞ்சளையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, சிவப்பையும் நீலத்தையும் மட்டும் சுற்றிலும் கட்டினேன். ஒரே ஒரு குறை, அது மினுக்கு மினுக்கென்று அணைந்து எரிந்தது. செடிக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று விட்டுவிட்டேன்.

உள்ளே எப்படிப் போவது? போக வேண்டியதே இல்லை. குளியலறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுச்சுவரில், மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டர் இருக்கிறது. இந்தப் பக்கம் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று, கொடிக்கயிற்றில் கட்டி விளக்கை அந்தப் பக்கம் இறக்கினால் போதும். ஆண்பிள்ளைதானே உள்ளே போகக் கூடாது? விளக்குக்கு என்ன, ஆணா பெண்ணா?

பாஞ்சாலி சாயங்காலம் கோயிலுக்குக் கும்மியடிக்கப் போனதும் காரியத்தில் இறங்கினேன். கயிறு மெல்ல மெல்ல இறங்கியது. விளக்கு சரியாகச் சட்டிக்கு மேலே வந்து நின்ற நேரம், குளியலறைக் கதவைத் தட்டினார்கள்.

"என்னாங்க, உள்ள யாரு?"

வாளி ஆடியது. கயிறு கையிலிருந்து ஒரு முழம் நழுவியது. பிடித்துக்கொண்டேன்.

"நான்தான். நீ கும்மிக்குப் போகல?"

"தண்ணிச் சொம்பை மறந்துட்டேன், திரும்பி வந்தேன். தண்ணி சத்தமே கேக்கல, உள்ள என்னா பண்றீங்க?"

"குளிக்கிறேன்."

"தண்ணி இல்லாமயா?"

"இப்பதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"குளிக்கிறதுக்கெல்லாம் யோசிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். கயிற்றைப் பிடித்த கை மரத்துப்போனது. கொலுசுச் சத்தம் வாசல் பக்கம் போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கயிற்றைத் துணி மாட்டுகிற ஆணியில் கட்டினேன். சட்டையோடு தலையில் ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டேன். சாட்சி வேண்டுமே.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. அவள் படுத்த பிறகு விளக்கு இறங்கும். விடிகாலை அவள் குளிக்க எழுந்திருப்பதற்குள் ஏறிவிடும். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போனது. பாஞ்சாலி திடீரென்று திரும்பினால் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவளோ ஒவ்வொரு நாளும் ஸ்டோர் ரூமிலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். பயிர் பிரமாதமாக வருகிறது போலிருக்கிறது என்று நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கோவிந்தன் விடவில்லை.

"எங்க வூட்டுல ஒரு ஜாண் தாண்டிருச்சு மச்சான். உங்களுது?"

வீட்டுக்கு வந்து செல்போனை வெண்டிலேட்டர் வழியாக நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தேன். நாலு விரல்கூட இல்லை. நல்ல கரும்பச்சை. அடர்த்தி. குட்டையாக, அகலமாக, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு பல்பைச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை வந்தது. மறுநாள் ஊர்வலம். கடைக்கு மாதையன் என்ற சம்சாரி தக்காளி நாற்றுத் தட்டோடு வந்தார். நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு, வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தது.

"என்னான்னே தெரியலைங்க சார். எல்லாம் இப்பிடி ஓடிப்போய்க் கெடக்குது."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீட்டில் பேச முடியாததை எல்லாம் கடையில்தானே பேச முடியும்.

"எங்க வெச்சிருந்தீங்க? கொட்டாயிக்குள்ளயா? அதாங்க தப்பு. இருட்டுல வெச்சா நாத்து வெளிச்சத்தைத் தேடிக்கிட்டு உசர உசரப் போகும். கொண்டுபோய் வெளிச்சத்துல வைங்க. வெளிச்சம் பட்டுச்சுன்னா உசரவே உசராது. குட்டையா, பச்சையா, திடமா..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

"திடமா நிக்குமுங்களா?" என்றார் மாதையன்.

"நிக்கும்" என்றேன். எனக்குத்தான் நிற்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உயரமாக வரவேண்டும் என்றுதானே முளைப்பாரியை இருட்டில் வைக்கிறார்கள்? உயரமாக்குகிறேன் என்று ஒரு வாரம் ராத்திரி முழுக்க வெளிச்சம் போட்டிருக்கிறேனே? பாஞ்சாலி பெண்ணுக்காக வேண்டிக்கொண்ட பயிர். ஊர்வலத்தில் நாலு விரல் உயரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு அவள் கடைசியில் நடந்து போவாள். "எம் பொண்ணுக்கு என்னமோ ஆகப்போவுது" என்று அழுவாள். நான் யூரியாவைத் தின்றுவிட்டுச் சாகலாம் போலிருந்தது.

கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் யோசனை. வேறு சட்டி வாங்கலாமா? முளைப்பாரியைக் கடையில் விற்பதில்லை. கோவிந்தன் காலில் விழுந்து அவர்கள் சட்டியைக் கேட்கலாமா? அதற்கு யூரியாவே தேவலை. கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. உண்மையைச் சொல்லிவிடுவது. இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அதிகம் பழகாத வழி.

வீட்டுக்குள் நுழைந்தால் பாஞ்சாலி போனில் அன்புவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"பயிரு அம்சமா வந்திருக்குது கண்ணு. ஒரு முழம் நிக்குது. நீ தைரியமா இரு."

பெண் பயப்படக் கூடாது என்று பொய் சொல்கிறாள், பாவம். அவள் போனை வைத்ததும் முன்னால் போய் நின்றேன்.

"பாஞ்சாலி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னா இன்னைக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"முளைப்பாரிக்கு லைட்டு போட்டுட்டேன். பாத்ரூம் வழியா. தெனமும். பயிரு உசராம நின்னுபோச்சு. எல்லாம் என்னாலதான். சாமி குத்தம் இருந்தா அது என்னோட போவட்டும். அன்புக்கு ஒண்ணும் ஆவாது. நீ மனசைத் தளர விட்டுறாத."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பாஞ்சாலி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஸ்டோர் ரூமைத் திறந்தாள். சட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சரக்கென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் பயிரைக் கொத்தாகப் பிடித்து அரிவாள்மனையில் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னா பண்ற? சாமிப் பயிரு."

"இது வெந்தயக் கீரைங்க. நாளைக்கு வரைக்கும் விட்டா முத்திப்போவும். களிக்குக் கடைஞ்சா நல்லாருக்கும்."

"வெந்தயமா?"

"உரக்கடைல இருக்கிறீங்க. வெந்தயம் தெரியல?"

"மேலேருந்து பாத்தா எல்லாம் பச்சைதானே. அப்ப முளைப்பாரி?"

"அது அமுதவல்லி வூட்டுல பத்திரமா இருக்குது. ஆம்பளைங்க உள்ள போவக் கூடாதே, அவ புருஷனுக்குக்கூடத் தெரியாது. ரெண்டு சட்டியும் ஒண்ணாத்தான் வெச்சோம். ஒரே உசரம் வந்திருக்குது. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் முன்னால போறோம். கும்மி முடிச்சுட்டுத் தெனமும் அங்க போய்த்தான் தண்ணி தெளிச்சேன்."

போன உயிர் திரும்பி வந்தது. பயிர் பிழைத்தது. பாஞ்சாலி அழ மாட்டாள். அன்புவுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நிமிடம் எனக்கு அது போதும் என்றிருந்தது. அடுத்த நிமிடம்தான் கோபம் வந்தது.

"என்னைக்குத்தான் கண்டுபுடிச்ச? கதவைத் தட்டினியே, அன்னைக்கா?"

"இல்லைங்க."

"சில்வர் பேப்பரு காணாமப் போச்சே, அப்பவா?"

"இல்லைங்க. விதை போட்டப்பவே இந்தச் சட்டில வெந்தயத்தைத்தான் போட்டேன்."

"அப்ப நான் லைட்டே செய்யலையே புள்ள. அந்த யோசனையே எனக்கு வரலையே."

பாஞ்சாலி கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"என்னா செய்வீங்கன்னு தெரியாது. ஆனா என்னமோ ஒண்ணு செய்வீங்கன்னு உங்க மேல நம்பிக்கை இருந்துச்சு."