சக்கை பாயின் லாரி

வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் நாக்கில் படாமல், சாராயத்துக்காகவே பித்துப் பிடித்து அலைந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் முள்ளுக்குறிச்சி சக்கை பாய்.

அவருடைய சொந்தப் பெயரை அவருடைய லாரியே மறந்திருக்கும். அது யுத்த காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். மற்ற வண்டிக்காரர்கள் வண்டியின் முதுகில் கரியடுப்பைக் கட்டி, அதன் புகையில் ஓட்டினார்கள். பாய் மாட்டேன் என்றுவிட்டார். கரிக்கு மரம் வெட்டினால் கொல்லிமலை மொட்டையாகிவிடும் என்பது அவர் கட்சி. பலாச்சக்கை, அழுகல் வாழைப்பழம், சோளத்தட்டு என்று வீணாய்ப் போவதைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் வரும் ஸ்பிரிட்டில் லாரி ஓடும் என்று சேலத்து மெக்கானிக் ஒருவர் சொன்னது, அவர் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மலையேறி எடப்புளி நாடு என்ற மலையூருக்குப் போய்ச் சக்கை கேட்டார். அங்கேதான் வந்தது வினை. வீடு தேடி வந்தவருக்குக் குப்பையைக் கொடுப்பதா என்று மலைக்காரர்கள் பதறிப்போய், தோட்டத்திலேயே நல்ல பழமாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தார்கள். அழுகல்தான் வேண்டும் என்றார் பாய். பழம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அதைவிடப் பெரிய பழம் வந்தது. கடைசியில் சடையன் என்ற விவசாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கில்லீங்க சாமி, லாரிக்குத் தீனி" என்றார். அதன் பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. மாட்டுக்குத் தட்டு கட்டுவதுபோலச் சக்கையைக் கட்டித் தலைச்சுமையாக அனுப்ப ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு. சர்க்கார் அனுமதிக்காக அவர் செருப்புத் தேய்ந்தது தனிக்கதை. குடிக்க முடியாதபடி மண்ணெண்ணெய் கலக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி, கலப்பதற்கு முன் இதன் ருசி எப்படி என்று கேட்டார்.

"தெரியாதுங்க. லாரியத்தான் கேக்கோணும்" என்றார் பாய்.

நான் அப்போது அந்த ஊர் மருந்தகத்தில் கம்பவுண்டர். காய்ச்சியதை என்னிடம் கொண்டுவருவார். கரண்டியில் ஊற்றிக் கொளுத்துவோம். எரிந்து முடிந்தபின் தண்ணீர் மிஞ்சியிருந்தால் அவர் முகம் விழுந்துவிடும். தண்ணீரை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு மறுபடி காய்ச்சப் போய்விடுவார்.

அந்த நாற்றம் அவர் உடம்பில் ஏறிவிட்டது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. பாய் குடிக்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழுதவர், வெள்ளிக்கிழமைகளில் செருப்புகளுக்குப் பக்கத்தில் தனியாக நிற்க ஆரம்பித்தார். யாரும் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

காய்ச்சுவதை விட்டுவிடுங்களேன் என்றேன். "லாரி ஓடட்டுமுங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை சடையன் தன் மகளைத் தூளியில் சுமந்துகொண்டு மலையிறங்கினார். பெண்ணுக்குக் காய்ச்சலில் நினைவில்லை. என் மருந்துக்கு அடங்குகிற காய்ச்சலில்லை. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், ஊரில் அன்று வேறு மோட்டார் வண்டி இல்லை. தொழுகைக்குக் கிளம்பிய பாய் தொப்பியோடு லாரியில் ஏறினார். சேர்த்து வைத்திருந்த ஒரு புட்டி பெட்ரோலில் எஞ்சினைச் சூடாக்கி, ஸ்பிரிட்டுக்கு மாற்றினார். லாரி இருமியது, தும்மியது, பிறகு ராசிபுரம் வரைக்கும் நிற்காமல் ஓடியது. பெண் பிழைத்துக்கொண்டாள்.

ஸ்பிரிட்டில் லாரி ஓடிய சேதி ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த வெள்ளிக்கிழமை சடையன் பெரிய பலாப்பழத்தோடு வந்தார். நானும் அவரும் பள்ளிவாசலுக்கு வெளியே காத்திருந்தோம். பாய் வழக்கம்போலச் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். முன்வரிசையில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. இருபுறமும் நின்றவர்கள் நெருங்கி வராமல் அப்படியே நின்றார்கள். தோளோடு தோள் இடித்து வரிசை நிறைந்த பிறகுதான் தொழுகை தொடங்குவது அவர்கள் முறை. இமாம் திரும்பிப் பார்த்தார்.

"வரிசையில எடம் கெடக்குதுங்க பாய். நீங்க வந்து நின்னாத்தான் ஆரம்பிக்க முடியும்."

பாய் தலையைக் குனிந்தபடி நடந்துபோய் அந்த இடத்தில் நின்றார். வரிசை நிறைந்தது.

தொழுது வெளியே வந்தவரிடம் சடையன் பழத்தை நீட்டி, "இது லாரிக்கில்லீங்க" என்றார். பாய் அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, ஸ்பிரிட் புட்டியைத் திறந்தால் பாயின் வாசம் அடிக்கும்; உடனே மூட எனக்கு மனம் வந்ததே இல்லை.