உட்பிரிவு அண்ணாச்சி நின்ற நாள்

ஓட்டுக் கேட்டு வரும் எம்.எல்.ஏ.க்களை ஊர் உலகமெல்லாம் பார்த்திருக்கும். ஜெயித்த பிறகு, போட்ட சட்டத்தைப் படித்துக் காட்ட வீதி வீதியாக வந்த எம்.எல்.ஏ. இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தூத்துக்குடிக்காரர்.

சட்டசபை முடிந்து ரயிலை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போக மாட்டார். அக்குளில் சட்ட நகல், கையில் மெகாபோன். நாலு பேர் நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார். பிரிவு, உட்பிரிவு, அடைப்புக்குறிக்குள் இருப்பது, ஒன்றையும் விடமாட்டார். அப்படித்தான் சொந்தப் பெயர் மறைந்து 'உட்பிரிவு அண்ணாச்சி' ஆனார்.

ஒருமுறை மீன் ஏலத்துக்கு நடுவே போய், "அரசிதழ் எண் முந்நூறு" என்று தொடங்கினார். "முந்நூறு! அண்ணாச்சிக்கு!" என்று ஏலக்காரர் ஒரு கூடை சாளையை அவர் காலடியில் தள்ளிவிட்டார். அண்ணாச்சி மறுக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடையோடு அடுத்த தெருவுக்குப் போய் உட்பிரிவு மூன்றிலிருந்து தொடர்ந்தார். மீன் வாடைக்குக் கூடிய பூனைகளும் கடைசிவரை கேட்டன.

நான் அப்போது ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே சரி. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் வராவிட்டாலும் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்ற பிலோமினாவுக்குக் கால் நரம்புகள் பச்சைக் கயிறாகப் புடைத்திருக்கும்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி உள்ளே வந்தார். வேட்டி எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

"ஏளா பிள்ளைகளா, கடையில வேலை பாக்கவங்களுக்கு இருக்கை குடுக்கணும்னு சட்டம் வந்துட்டு. உக்காருங்க."

யார் உட்காருவது? எதில் உட்காருவது? நாங்கள் முதலாளியைப் பார்த்தோம். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"முதல்ல நீங்க உக்காருங்கண்ணாச்சி," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பிள்ளைக நிக்கையில நான் எப்படிவே உக்கார? நானும் நிக்கேன்."

நின்றார். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. முதலாளி காபி வரவழைத்தார். நின்றே குடித்தார். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஓர் அம்மா அவரைக் கடை ஆள் என்றே நினைத்து, "மயில்கழுத்து கலர் இருக்கா?" என்று கேட்டார். அண்ணாச்சி சளைக்காமல் சேலையை விரித்தார்.

"இருக்கும்மா. அதுக்கு முன்னால இதக் கேளுங்க."

அந்த அம்மா உட்பிரிவு உட்பட முழுவதும் கேட்டார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து முதலாளி பக்கம் திரும்பினார். "இத்தன புள்ளைங்க நிக்குதுவ. ஒரு ஸ்டூலு வாங்கிப் போட உங்களுக்கு மனசு வரலையா?"

வந்தவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி வாசித்துக் காட்ட, மூன்று மணிவரை கடையில் ஒரு வாடிக்கையாளர்கூட உட்காரவில்லை. சேலைகளும் மடித்தது மடித்தபடியே இருந்தன. முதலாளி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆளை அனுப்பினார். நாலு மணிக்கு ஸ்டூல்கள் வந்தன.

வந்தும் எங்களுக்குப் பயம். நாளைக்கு வேலை இருக்குமா? பிலோமினாதான் முதலில் சிலுவை போட்டுக்கொண்டு, தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி மெல்ல உட்கார்ந்தாள். அவள் கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு நான். ஒன்பது வருடத்தில் அந்தக் கடையை அந்த உயரத்திலிருந்து அன்றுதான் பார்த்தேன். மேஜைக்குக் கீழே ஒரு வண்டித் தூசி.

அண்ணாச்சி நகலில் ஒரு டிக் அடித்தார். "நாளைக்குக் காலையில இதே பிள்ளைக இதே இடத்துல இருக்காவளான்னு பாக்க வருவேன்," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, நிமிர்ந்த நடையோடு வெளியே போனார். சொன்னபடி வந்தார். ஒரு வாரம் தினமும் வந்தார். ஒருவருக்கும் வேலை போகவில்லை.

ஸ்டூல் வந்த அன்று சாயங்காலம் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிர்க்கடைப் படியில், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், அண்ணாச்சி உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீராவது கொடுப்போம் என்று எழுந்தேன்.

பிலோமினா கையைப் பிடித்து இழுத்தாள். "போகாதளா. நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா எந்திரிச்சிருவாரு."